எம்விபி யாருக்குச் சேர வேண்டும்? பேஸ்பால் விருது விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு எம்விபி விருதுகள் அறிவிக்கப்படும். அமெரிக்கன் லீகுக்கு ஒன்று, நேஷனல் லீகுக்கு ஒன்று. அந்த சீசனின் 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்' யார் என்பதுதான் கேள்வி. ஒரே எண்களைப் பார்த்துவிட்டு இருவர் இரண்டு முடிவுக்கு வருவது ஏன், அந்தக் கணக்கை ஒழுங்காகப் போடுவது எப்படி என்பதை இங்கே தொகுத்திருக்கிறோம்.

வாக்களிப்பவர்கள் யார்? ரசிகர்களுக்கு வாக்கு உண்டா?

ரசிகர்களுக்கு வாக்கு கிடையாது. 1931 முதல் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம்தான் விருதைத் தீர்மானிக்கிறது. ஒரு லீகில் 15 அணிகள். ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் இரண்டு பத்திரிகையாளர்கள் வாக்களிப்பதால் ஒரு விருதுக்கு 30 வாக்குச்சீட்டுகள். 2012 வரை அமெரிக்கன் லீகில் 14 அணிகளே இருந்தன. அப்போது 28 சீட்டுகள். பழைய முடிவுகளைப் புரட்டும்போது இது நினைவிருக்கட்டும்.

வழக்கமான சீசன் முடிந்து பிளே ஆஃப் தொடங்குவதற்கு முன்பே சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். அக்டோபரில் ஒருவர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் இந்த விருதில் அது சேராது. 'பிளே ஆஃபில் சொதப்பியவருக்கு எப்படிக் கொடுத்தார்கள்' என்று நவம்பரில் எழும் கோபத்துக்கு இதுதான் பதில். இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குத் தனியாக ஒரு எம்விபி விருது இருக்கிறது.

புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதல் பெயருக்கு 14 புள்ளி, இரண்டாம் பெயருக்கு 9, பிறகு 8, 7, 6 என்று இறங்கிப் பத்தாம் பெயருக்கு 1. முப்பது பேரும் ஒருவரையே முதலில் எழுதினால் 420 புள்ளி.

இதில் கவனிக்க வேண்டியது முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளி. அது 5 புள்ளி. மற்ற இடங்களுக்கு இடையே 1 புள்ளிதான். எனவே முதலிட வாக்குகள்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் 1999 அமெரிக்கன் லீக். பாஸ்டன் பிட்சர் (பந்து வீசுபவர்) பெட்ரோ மார்ட்டினெஸ் அந்த ஆண்டு 23 வெற்றி, 4 தோல்வி, 2.07 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன்களின் சராசரி; குறைந்தால் நல்லது), 313 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). அவருக்கு 8 முதலிட வாக்குகள். டெக்சாஸ் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்) இவான் ரோட்ரிகெஸுக்கு 7. ஆனால் விருது ரோட்ரிகெஸுக்குப் போனது, 252க்கு 239 என்ற கணக்கில். 28 பேரில் இருவர் மார்ட்டினெஸின் பெயரைப் பத்து இடங்களில் எங்குமே எழுதவில்லை. அந்த இருவரும் அவரை நான்காம் இடத்தில் வைத்திருந்தால்கூட 7+7 சேர்ந்து 253 ஆகியிருக்கும். ஒரு புள்ளியில் அவர் வென்றிருப்பார்.

'மதிப்பு' என்றால் என்ன என்று விதி சொல்கிறதா?

சொல்லவில்லை, அதுவும் தெரிந்தேதான். 'மதிப்புமிக்கவர்' என்பதற்குத் தெளிவான வரையறை கிடையாது, அந்தந்த வாக்காளரே முடிவு செய்ய வேண்டும் என்று வாக்குச்சீட்டின் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. கூடவே சில அளவுகோல்களைத் தருகிறது: தன் அணிக்கு ஒருவர் தந்த உண்மையான மதிப்பு, அதாவது பேட்டிங்கிலும் தற்காப்பிலும் அவருடைய வலிமை, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, குணம், மனப்பாங்கு, விசுவாசம், உழைப்பு. முன்பு வென்றவரும் மறுபடி வெல்லலாம், ஒரே அணியிலிருந்து ஒருவருக்கு மேல் எழுதலாம் என்பவையும் உண்டு. பிட்சர்களும், பேட்டிங் மட்டும் செய்யும் டெசிக்னேட்டட் ஹிட்டர்களும் (டிஎச்) தகுதியுள்ளவர்களே.

'முன்பு வென்றவரும் வெல்லலாம்' என்று எழுதி வைக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? 1920களில் அமெரிக்கன் லீக் நடத்திய பழைய விருதில் ஒருமுறை வென்றவருக்கு மறுமுறை கிடையாது. பேப் ரூத் 1923இல் வாங்கிவிட்டார். அதனால் 1927இல் 60 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து எல்லா பேஸையும் சுற்றி வருவது) அடித்தும் அவர் போட்டியிலேயே இல்லை. விருது அவருடைய அணித்தோழர் லூ கெரிக்குக்குப் போனது.

தோற்ற அணியில் ஆடியவருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பிளே ஆஃபுக்குத் தகுதி பெற்ற அணியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆண்ட்ரே டாசன் (1987, கப்ஸ்), அலெக்ஸ் ரோட்ரிகெஸ் (2003, ரேஞ்சர்ஸ்) இருவரும் தத்தம் பிரிவில் கடைசியாக வந்த அணியிலிருந்து வென்றவர்கள். மைக் டிரௌட் 2016இல் வென்றபோது ஏஞ்சல்ஸ் 74 ஆட்டங்களைத்தான் ஜெயித்தது. ஷோஹெய் ஓதானி 2021இலும் 2023இலும் ஏஞ்சல்ஸுக்காக வென்றார். அணி முறையே 77, 73 வெற்றிகள்.

ஆனாலும் நெடுங்காலம் அணியின் இடம் பெரிய எடையாக இருந்தது. 1941இல் பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் .406 பேட்டிங் சராசரி அடித்தார், அதாவது நூறு முயற்சியில் ஏறத்தாழ நாற்பது ஹிட். ஆன்-பேஸ் விகிதம் .553, அதாவது பேட்டைப் பிடித்த நூறில் ஐம்பத்தைந்து முறை அவுட் ஆகாமல் பேஸை எட்டினார். விருது யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்கு, 291க்கு 254. டிமாஜியோவிடம் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த சாதனை இருந்தது. யாங்கீஸ் பாஸ்டனைவிட 17 ஆட்டம் முன்னால் முடித்தது. 1942இல் வில்லியம்ஸ் டிரிபிள் கிரவுன் அடித்தார்: பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (தன் பேட்டிங்கால் அணிக்கு வரவைத்த ரன்கள்) மூன்றிலும் லீகில் முதலிடம். விருது யாங்கீஸின் ஜோ கோர்டனுக்கு. 1947இல் மறுபடி டிரிபிள் கிரவுன்; மறுபடி டிமாஜியோ, 202க்கு 201, ஒரே புள்ளி.

எங்கள் கருத்தில் அணியின் வெற்றி தோல்வி இந்தக் கணக்கில் வரவே கூடாது. பேஸ்பாலில் ஒரு பேட்டர் ஒன்பது பேரில் ஒருவராகத்தான் முறை எடுக்க முடியும். கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் தொங்கும்போது 'அவரையே அனுப்பு' என்று அணி மேலாளர் அனுப்ப முடியாது. வரிசை வந்தால்தான் வருவார். பிட்சிங் மோசமான அணியில் அவர் மாட்டிக்கொண்டதற்கு அவர் என்ன செய்வார்?

பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ போதாதா?

ஹோம் ரன் நல்ல எண்தான். மற்ற இரண்டும் ஏமாற்றும்.

பேட்டிங் சராசரி 'வாக்' என்பதை (நான்கு தவறான பந்துகள் வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) கணக்கில் எடுக்காது. ஒரு பேஸ் மட்டும் தரும் சிங்கிளையும் ஹோம் ரன்னையும் ஒன்றாகவே எண்ணும். ரன் மதிப்பில் பார்த்தால் ஒரு வாக் ஏறத்தாழ ஒரு சிங்கிளின் முக்கால் பங்கு. ஒரு ஹோம் ரன் ஏறத்தாழ இரண்டு சிங்கிளுக்கும் மேல். ஆர்பிஐயோ முன்னால் பேட் செய்தவர்கள் பேஸில் நிற்கிறார்களா என்பதைப் பொறுத்தது. முதலாவதாக இறங்குபவருக்கு முன்னால் ஆள் குறைவு. நான்காவதாக இறங்குபவருக்கு அதிகம்.

1987 நேஷனல் லீக் இதற்கு நல்ல பாடம். டாசன் 49 ஹோம் ரன், 137 ஆர்பிஐ. ஆனால் ஆன்-பேஸ் விகிதம் .328. இரண்டாவதாக வந்த செயின்ட் லூயிஸ் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஓஸி ஸ்மித் அந்த ஆண்டு ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. ஆனால் அவருடைய ஆன்-பேஸ் .392, பேஸ் திருட்டில் (அடி விழக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) வல்லவர், மைதானத்தின் கடினமான இடங்களில் ஒன்றில் அந்தத் தலைமுறையின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர். இன்றைய முறையில் கூட்டிப் பார்த்தால் ஸ்மித் தெளிவாக மேலே நிற்கிறார்.

எல்லோரும் 'வார்' என்கிறார்களே, அது என்ன?

'மாற்று ஆளுக்கு மேலான வெற்றிகள்' (Wins Above Replacement) என்பதன் சுருக்கம். பேட்டிங், ஓட்டம், தற்காப்பு, ஆடும் இடம், ஆடிய அளவு எல்லாவற்றையும் ரன்னாக மாற்றிக் கூட்டி, பின் வெற்றியாக மாற்றும் கணக்கு. ஏறத்தாழ 10 ரன் ஒரு வெற்றி. பூஜ்யம் என்பது சராசரி ஆட்டக்காரர் அல்ல. எந்த அணியும் குறைந்த சம்பளத்தில் உடனே கூப்பிட்டுக்கொள்ளக்கூடிய மாற்று ஆள். அப்படிப்பட்டவர்கள் மட்டுமே நிறைந்த அணி 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 48ஐ வெல்லும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஆடும் இடத்துக்கான கூட்டல் கழித்தல்தான் புதியவர்களுக்குப் பிடிபடாதது. ஃபேன்கிராப்ஸ் தளம் முழு சீசனுக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை: கேட்சர் +12.5 ரன், ஷார்ட்ஸ்டாப் +7.5, செகண்ட் பேஸ், தர்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட் மூன்றுக்கும் +2.5, இடது வலது மூலைகளுக்கு −7.5, ஃபர்ஸ்ட் பேஸ் −12.5, டிஎச் −17.5.

கற்பனையாக இருவரை எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். வலது ஃபீல்டர் ஒருவர்: சராசரியைவிட பேட்டிங்கில் +50, ஓட்டத்தில் +2, தற்காப்பு 0, இடத்துக்கு −7.5, முழு சீசன் ஆடியதால் மாற்று ஆளுக்கு மேலான பங்கு +20. மொத்தம் 64.5 ரன், ஏறத்தாழ 6.5 வெற்றி. ஷார்ட்ஸ்டாப் ஒருவர்: பேட்டிங் +30, ஓட்டம் +4, தற்காப்பு +8, இடம் +7.5, முழு சீசன் +20. மொத்தம் 69.5, ஏறத்தாழ 7 வெற்றி. பேட்டில் 20 ரன் பின்தங்கியவர் மொத்தத்தில் முந்திவிடுகிறார்.

இரண்டு தளங்களில் இரண்டு வார் எண்கள் வருகின்றனவே, எதை நம்புவது?

இரண்டையும் பாருங்கள்; எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள். பொதுவாகப் பிரியும் இடங்கள் மூன்று.

பிட்சர்கள்: பேஸ்பால் ரெஃபரன்ஸ் உண்மையில் விட்ட ரன்களிலிருந்து தொடங்கி, பின்னால் நின்ற ஃபீல்டர்களின் தரத்தைக் கழித்துத் திருத்துகிறது. ஃபேன்கிராப்ஸ் ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கட்டுகிறது. ஒரே பிட்சருக்கு இரண்டு வெற்றி வித்தியாசம் வருவது அபூர்வமல்ல. நடந்து முடிந்த சீசனுக்கு விருது கொடுக்கும்போது உண்மையில் விட்ட ரன்களே நெருக்கமான அளவு என்பது எங்கள் எண்ணம். அடுத்த ஆண்டைக் கணிக்க மற்றது உதவும்.

ஃபீல்டர்கள்: தற்காப்பை அளக்கும் முறைகளே வேறு வேறு. ஒரு சீசன் தற்காப்பு எண் மிகவும் ஆடும் தன்மையுடையது. ஒருவர் +15, இன்னொருவர் +7 என்று வந்தால் அந்த 8 ரன்னைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்சர்கள்: விளிம்பில் வரும் பந்தை அம்பயர் ஸ்ட்ரைக் என்று சொல்லும்படி கையுறையில் வாங்கும் திறனுக்கு ஃபிரேமிங் என்று பெயர். ஃபேன்கிராப்ஸ் இதைக் கேட்சரின் கணக்கில் சேர்க்கிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் சேர்ப்பதில்லை.

இருவருக்கிடையே ஒரு வெற்றிக்குள் வித்தியாசம் என்றால் அது சமம். 8.4 பெரியது, 7.9 சிறியது என்று தசமத்தில் தீர்ப்பு எழுதுவது வார் எண்ணைத் தவறாகப் பயன்படுத்துவதில் முதலாவது.

2012: கப்ரேராவா, டிரௌட்டா? இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

பழைய எண்களும் புதிய எண்களும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு அது. டெட்ராய்ட்டின் மிகெல் கப்ரேரா .330, 44 ஹோம் ரன், 139 ஆர்பிஐ. 1967க்குப் பிறகு முதல் டிரிபிள் கிரவுன். ஏஞ்சல்ஸின் மைக் டிரௌட், முதல் முழு சீசன் ஆடும் இளைஞர், .326, 30 ஹோம் ரன், 129 ரன், 49 பேஸ் திருட்டு. வாக்கு 362க்கு 281; 28 முதலிட வாக்குகளில் 22 கப்ரேராவுக்கு.

பேட்டில் இருவரும் எவ்வளவு நெருக்கம் என்பது டிரிபிள் கிரவுன் ஒளியில் மறைந்துபோனது. ஆன்-பேஸ்: டிரௌட் .399, கப்ரேரா .393. ஸ்லக்கிங் (ஒரு முயற்சிக்குச் சராசரியாக ஹிட்டால் கிடைத்த பேஸ்கள்): டிரௌட் .564, கப்ரேரா .606. மைதானத்தைக் கணக்கில் எடுத்தால் பேட்டிங் தரம் ஏறத்தாழ சமம். மீதி எல்லாம் டிரௌட் பக்கம். ஒரு பேஸ் திருட்டு ஏறத்தாழ 0.2 ரன் தரும், பிடிபட்டால் 0.4 ரன் போகும். டிரௌட் 49 முறை ஜெயித்து 5 முறை பிடிபட்டார்: 9.8 கழித்தல் 2, ஏறத்தாழ 8 ரன் லாபம். கப்ரேராவோ 28 டபுள் பிளேக்களில் சிக்கினார். ஒரே அடியில் இரண்டு அவுட். டிரௌட் சென்டர் ஃபீல்டில் மிகச் சிறப்பாக ஆடினார். பிரின்ஸ் ஃபீல்டர் அணிக்கு வந்ததால் கப்ரேரா ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து தர்ட் பேஸுக்கு மாறியிருந்தார். அணிக்காகச் செய்த நல்ல காரியம், ஆனால் அங்கே அவர் சராசரிக்குக் கீழே.

கப்ரேரா பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. டிரௌட் ஏப்ரல் கடைசியில்தான் மேஜர் லீகுக்கு வந்தார்; 139 ஆட்டங்கள். கப்ரேரா 161. வார் இதையும் சேர்த்துத்தான் கூட்டுகிறது. அப்படியும் ஏறத்தாழ மூன்று வெற்றி டிரௌட் முன்னால். 'டெட்ராய்ட் பிளே ஆஃபுக்குப் போனது' என்ற வாதமோ நிற்கவே இல்லை: ஏஞ்சல்ஸ் 89 வெற்றி, டெட்ராய்ட் 88. டெட்ராய்ட் இருந்த பிரிவு எளிதானது, அவ்வளவுதான். எங்கள் சீட்டில் அந்த ஆண்டு டிரௌட்தான் முதல்.

2025: ஜட்ஜா, ராலேயா?

இதுதான் உண்மையிலேயே கடினமான வழக்கு. யாங்கீஸின் ஏரன் ஜட்ஜ் .331 அடித்து சராசரியில் லீகில் முதல், 53 ஹோம் ரன், 114 ஆர்பிஐ. சியாட்டிலின் கால் ராலே 60 ஹோம் ரன், 125 ஆர்பிஐ, அதுவும் கேட்சராக. அதற்கு முன் கேட்சர்களில் அதிகபட்சம் சால்வடோர் பெரெஸ் 2021இல் அடித்த 48. இரு கையாலும் பேட் செய்பவர்களில் மிக்கி மேன்டில் 1961இல் அடித்த 54ஐயும் ராலே தாண்டினார்.

ஜட்ஜுக்கு 17 முதலிட வாக்குகள், ராலேக்கு 13. புள்ளி 355க்கு 335. பெருக்கிப் பாருங்கள்: 17×14 + 13×9 = 355; 13×14 + 17×9 = 335. முப்பது பேரும் இந்த இருவரையே முதல் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

ராலே தரப்பு வாதத்தின் வலிமை எங்கே? கேட்சருக்கும் வலது ஃபீல்டருக்கும் இடையே முழு சீசனுக்கு 20 ரன், அதாவது இரண்டு வெற்றி, இட மதிப்பில் மட்டுமே வித்தியாசம். ஆனால் அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. ராலே ஆடிய 159 ஆட்டங்களில் கணிசமானவை டிஎச்சாக. ஜட்ஜும் முழங்கைக் காயத்துக்குப் பிறகு சில வாரங்கள் டிஎச்சாக ஆடினார். உண்மையில் எத்தனை இன்னிங்ஸ் எங்கே நின்றார் என்பதை வைத்துத்தான் பங்கிட வேண்டும்.

ஜட்ஜ் தரப்பின் வலிமை பேட். ஆன்-பேஸ் .457க்கு .359. ஏறத்தாழ ஆயிரத்துக்கு நூறு வித்தியாசம். எழுநூறு முறைக்குச் சற்றுக் குறைவாகப் பேட் செய்யும் ஒரு சீசனில், அறுபதுக்கும் மேற்பட்ட முறை ஒருவர் அவுட்டாகும் இடத்தில் மற்றவர் பேஸில் நிற்கிறார். ஸ்லக்கிங் .688க்கு .589. ஏழு ஹோம் ரன் குறைவு என்பதை இது விழுங்கிவிடுகிறது.

மேலே சொன்ன ஃபிரேமிங் வித்தியாசம் இங்கே அப்படியே தெரியும்: அதைச் சேர்க்காத பேஸ்பால் ரெஃபரன்ஸில் ஜட்ஜ் இரண்டு வெற்றிக்கும் மேல் முன்னால், சேர்க்கும் ஃபேன்கிராப்ஸில் ஒரு வெற்றி அளவே. பிட்சர்களை வழிநடத்துவது, நூற்றுக்கணக்கான இன்னிங்ஸ் குந்தி உட்கார்ந்துவிட்டுப் பேட்டைப் பிடிப்பது போன்ற கேட்சரின் பாரங்களை எந்த எண்ணும் முழுதாகப் பிடிப்பதில்லை. அந்தப் பாரத்துக்கு ஒரு வெற்றி மதிப்பு என்று நம்புபவர் ராலேயை எழுதலாம், தவறில்லை. நாங்கள் ஜட்ஜை எழுதுவோம், மிகக் குறைந்த வித்தியாசத்தில்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை ஆடும் பிட்சருக்கு எப்படிக் கொடுப்பது?

நாளை எண்ணாதீர்கள், எதிர்கொண்ட பேட்டர்களை எண்ணுங்கள். ஒரு பேட்டருக்கு முழு சீசனில் 650 முதல் 700 முறை வாய்ப்பு. 200 இன்னிங்ஸ் வீசும் பிட்சர் 800 பேரைச் சந்திக்கிறார். ஜஸ்டின் வெர்லாண்டர் 2011இல் 251 இன்னிங்ஸ் வீசி 24 வெற்றி, 5 தோல்வி, 2.40 ஈஆர்ஏவுடன் எம்விபி ஆனார். அவர் சந்தித்த பேட்டர்கள் 950க்கும் மேல். கிளேட்டன் கெர்ஷா 2014இல் 1.77 ஈஆர்ஏவுடன் வென்றார். 1968இல் இரண்டு லீகிலும் பிட்சர்களே: பாப் கிப்சன் (1.12 ஈஆர்ஏ), டென்னி மெக்லெய்ன் (31 வெற்றி).

'பிட்சருக்குத்தான் சை யங் விருது இருக்கிறதே' என்பது 1956 முதல் சொல்லப்படும் வாதம். சீட்டின் விதி அதை ஏற்கவில்லை. இன்று பிட்சர்கள் பின்தங்குவதற்கு வேறு காரணம்: தொடக்கப் பிட்சர்கள் வீசும் இன்னிங்ஸ் குறைந்துகொண்டே வருகிறது. 180 இன்னிங்ஸில் எவ்வளவு நன்றாக வீசினாலும் அளவில் ஈடு கொடுப்பது கடினம்.

ஓதானியை எப்படிக் கணக்கிடுவது?

அவர் பேட்டராகவும் பிட்சராகவும் ஆடுபவர். பேட்டர் வாரையும் பிட்சர் வாரையும் கூட்டுங்கள். டிஎச் கழிவை மறக்காதீர்கள். 2021இல் 46 ஹோம் ரன், 26 பேஸ் திருட்டு, பிட்சராக 9 வெற்றி 2 தோல்வி, 3.18 ஈஆர்ஏ. முப்பது முதலிட வாக்குகளும் அவருக்கே. 2023இலும் அப்படியே, ஒருமனதாக இருமுறை வென்ற முதல் ஆட்டக்காரர் அவர்.

2022தான் விவாதம். ஓதானி 34 ஹோம் ரன், கூடவே 166 இன்னிங்ஸ், 2.33 ஈஆர்ஏ, 219 ஸ்ட்ரைக் அவுட். ஜட்ஜ் 62 ஹோம் ரன், .311, 131 ஆர்பிஐ. பாதி சீசன் சென்டர் ஃபீல்டில். 410க்கு 280 என்று ஜட்ஜ் வென்றார், முதலிடம் 28க்கு 2. ஓதானி தரப்பு சொல்வதில் ஒரு கூர்மையான புள்ளி உண்டு: 26 பேர் பட்டியலில் அவர் ஒரே இடத்தில் இரண்டு வேலை செய்கிறார், மிச்சமாகும் அந்த ஓர் இடத்துக்கு வார் எதுவும் தருவதில்லை. உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் வருபவர் பெஞ்சின் கடைசி ஆள். அவருடைய மதிப்பு ஒரு வெற்றியின் சிறு பகுதி. அது ஜட்ஜின் முன்னிலையைக் குறைக்கும், அழிக்காது. தீர்ப்பு சரி, 28க்கு 2 என்ற அகலம்தான் பொருந்தவில்லை.

2024இல் முழங்கை அறுவைக்குப் பிறகு ஓதானி ஒரு பந்துகூட வீசவில்லை. டாட்ஜர்ஸுக்கு டிஎச்சாக மட்டும் ஆடி 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு. டிஎச்சாக மட்டுமே ஆடி எம்விபி வென்றவர் அதற்கு முன் யாருமில்லை.

கொலராடோ மைதானத்தில் அடிப்பவர்களை எப்படி நம்புவது?

கொலராடோ அணியின் மைதானமான கூர்ஸ் ஃபீல்ட் இருக்கும் டென்வர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு; அடித்த பந்து தூரம் போகும், வளைபந்து குறைவாக வளையும். திருத்தம் அவசியம். ஆனால் இருமுறை திருத்துவது வழக்கமான தவறு. ஒரு மைதானம் ரன்னை 12 சதவீதம் கூட்டுகிறது என்றால், அங்கே பாதி ஆட்டங்கள்தான். சீசன் முழுமைக்குத் திருத்தம் 6 சதவீதம். வார், ஓபிஎஸ் பிளஸ் (ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் சேர்த்த பேட்டிங் அளவு) போன்றவை ஏற்கெனவே திருத்தியவை. அவற்றின் மேல் 'ஆனால் கூர்ஸ் ஃபீல்ட்' என்று இன்னொரு கழிவு போடக் கூடாது. கொலராடோவின் லாரி வாக்கர் 1997இல் வென்றபோது அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூரில்.

செப்டம்பரில் அடித்தவருக்குக் கூடுதல் மதிப்பு இல்லையா?

ஏப்ரல் வெற்றியும் செப்டம்பர் வெற்றியும் பட்டியலில் ஒன்றாகவே எண்ணப்படும். எனவே மாதத்துக்கு மதிப்பு இல்லை. ஆட்டத்தின் நெருக்கடிக்கு உண்டு: சமநிலையில் ஒன்பதாம் இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன், எட்டு ரன் முன்னிலையில் அடித்ததைவிட வெற்றிக்கு நெருக்கமானது. ஒவ்வோர் அடியும் வெற்றி வாய்ப்பை எத்தனை சதவீதம் நகர்த்தியது என்று கூட்டும் கணக்கு இருக்கிறது, டபிள்யூபிஏ என்பார்கள். அது தற்காப்பைச் சேர்க்காது, வாய்ப்பு எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்தது. இருவர் சமமாக நிற்கும்போது பிரித்துப் பார்க்க மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'அவரை எடுத்துவிட்டால் அந்த அணி என்ன ஆகும்' என்ற வாதம்?

கேட்க நன்றாக இருக்கும். ஒரே மாதிரி ஆடிய இருவரை நினையுங்கள். ஒருவரின் அணியில் நல்ல மாற்று ஆள் பெஞ்சில் இருக்கிறார், இன்னொருவரின் அணியில் இல்லை. இந்த வாதப்படி இரண்டாமவர்தான் மதிப்புமிக்கவர். அப்போது அளக்கப்படுவது ஆட்டக்காரர் அல்ல, பெஞ்சை நிரப்பத் தவறிய நிர்வாகம். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான ஒரு மாற்று ஆளை வார் வைத்துக்கொள்கிறது.

குணத்தை எவ்வளவு பார்க்கலாம்? பின்னால் குற்றம் தெரிந்தால்?

சீட்டில் இருப்பதால் பார்க்கலாம். ஆனால் நிருபர்களோடு முறைத்துக்கொள்வது அணிக்கு நேர்ந்த நட்டம் அல்ல. 1995இல் கிளீவ்லாந்தின் ஆல்பர்ட் பெல் 50 ஹோம் ரன்னும் 52 டபுளும் (இரண்டு பேஸ் தரும் ஹிட்) அடித்தார். அணியும் பிரிவில் முதல். 39 ஹோம் ரன் அடித்த பாஸ்டனின் மோ வான் 308க்கு 300 என்று வென்றார். ஆர்பிஐ இருவருக்கும் 126. பெல் பத்திரிகையாளர்களோடு கடுமையாக நடந்துகொள்பவர் என்பது அப்போது ஊரறிந்தது.

கொடுத்த எம்விபி திரும்பப் பெறப்பட்டதில்லை. 2011இல் வென்ற ரயன் பிரான் பின்னர் ஊக்கமருந்து விவகாரத்தில் 2013இல் 65 ஆட்டங்கள் தடை செய்யப்பட்டார். விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டாவதாக வந்த மேட் கெம்ப் இரண்டாவதாகவே இருக்கிறார்.

சரி, நானே ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். எங்கே தொடங்குவது?

ஒரு லீகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் லீக் மாறியவருக்கு அந்த லீகில் செய்தது மட்டும்தான். 2008இல் மேனி ரமிரெஸ் நேஷனல் லீகில் 53 ஆட்டங்கள் மட்டும் ஆடி நான்காவதாக வந்ததும் அந்த 53 ஆட்டங்களுக்காகத்தான்.

இரண்டு தளங்களின் வார் பட்டியலிலும் முதல் பதினைந்து பேரை எழுதிச் சராசரி எடுங்கள். முதல் ஆளிடமிருந்து இரண்டு வெற்றிக்கு மேல் பின்தங்கியவர்கள் முதலிடத்துக்கான பேச்சில் இல்லை. மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர். அவர்களுக்கு மட்டும் எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: பேட்டிங் ரன் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு, தற்காப்பு எவ்வளவு. தற்காப்பு எண்ணைப் பாதியாகக் குறைத்து மறுபடி கூட்டுங்கள். வரிசை மாறவில்லை என்றால் உங்கள் முடிவு உறுதியானது. மாறினால் அது சமம். அப்போது ஆடிய ஆட்டங்கள், நெருக்கடி நேரத்து அடிகள், கேட்சர் போன்ற எண்ணுக்குள் அடங்காத பாரங்கள் என்ற வரிசையில் பாருங்கள்.

ஒன்றை இரண்டு முறை எண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரைச் சொல்லிவிட்டு 'அதோடு கோல்ட் க்ளவ் விருதும் வாங்கினார்' என்று (அது சிறந்த தற்காப்புக்கான விருது) கூட்டினால் தற்காப்பு இருமுறை வருகிறது. 'அதோடு 160 ஆட்டம் ஆடினார்' என்றாலும் அப்படியே. ஆடிய அளவு வாருக்குள்ளேயே இருக்கிறது.

முதல் பெயர் முடிவாகிவிட்டது. மற்ற ஒன்பது முக்கியமா?

முக்கியம். முதலிடத்துக்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள் ஏழாம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். பிட்சர்கள் விடுபடுவது அங்கேதான். ஆறாம் இடத்தைத் தாண்டி எழுதும்போது சிறந்த இரண்டு பிட்சர்களின் பெயரை எடுத்து, நீங்கள் எழுதிய ஒவ்வொரு பேட்டருக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணமும் இதில் இருக்கிறது: 2022 முதல், சம்பள நடுவர் தீர்ப்புக்கு இன்னும் தகுதி பெறாத இளம் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஊக்கத்தொகை பகிரப்படுகிறது. அவர்களில் எம்விபி வெல்பவருக்கு 25 லட்சம் டாலர், இரண்டாவதாக வருபவருக்கு 17.5 லட்சம். 1979இல் நேஷனல் லீகில் கீத் ஹெர்னாண்டஸும் வில்லி ஸ்டார்ஜலும் ஆளுக்கு 216 புள்ளி எடுத்து விருதைப் பகிர்ந்தார்கள். யாரோ ஒருவர் தன் சீட்டில் ஒரே ஓர் இடம் மாற்றி எழுதியிருந்தால் அது ஒருவருடையதாகவே போயிருக்கும்.